எல்லா வைஃபை கார்டும் அக்சஸ் பாயின்ட் ஆகுமா?

பழைய கணினியில் வைஃபை கார்டைச் செருகி, லினக்ஸ் நிறுவி, வீட்டுக்கு அக்சஸ் பாயின்ட் ஆக்கிவிடலாம். ஆனால் எல்லா கார்டும் ஒத்துழைக்காது. ஏன்?

மடிக்கணினிக் கார்டின் வேலை, ஏற்கெனவே இருக்கும் வலையில் போய்ச் சேர்வது மட்டும்தான். அக்சஸ் பாயின்ட்டுக்கோ பொறுப்பு அதிகம். வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை 'இங்கே இருக்கிறேன்' என்று பீக்கன் அனுப்ப வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கும் கைபேசிக்கு வந்த தரவை, அது விழிக்கும்வரை பிடித்து வைக்க வேண்டும். கார்டின் ஃபர்ம்வேரும் டிரைவரும் இதற்குத் தயாராக இருந்தால்தான் நடக்கும்.

எளிதில் கிடைக்கும் இன்டெல் கார்டுகள்தான் பலரையும் ஏமாற்றுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்சஸ் பாயின்ட்டாக ஓடும். 5 கிகாஹெர்ட்ஸில், அண்டையிலுள்ள சிக்னல்களை வைத்து நாட்டைத் தாமே ஊகிக்கும் பல மாடல்கள், தாமாக முதலில் சிக்னல் அனுப்ப மறுத்துவிடும். நாட்டுக் குறியீட்டை நாம் மாற்றினாலும் மசியாது. (சட்டப்படி அது சரிதான், நமக்குத்தான் தொல்லை!)

கார்டு கையில் இருந்தால் லினக்ஸில் 'ஐடபிள்யூ லிஸ்ட்' (iw list) கட்டளையைத் தட்டிப் பாருங்கள். ஆதரிக்கும் முறைகளில் 'ஏபி' (AP, அக்சஸ் பாயின்ட்) இருக்க வேண்டும். வேண்டிய சேனலுக்கு எதிரே 'நோ ஐஆர்' (no IR, தானாக முதலில் சிக்னல் அனுப்பத் தடை) இருக்கக் கூடாது. புதிதாக வாங்குவதென்றால், லினக்ஸில் திறந்த டிரைவர் உள்ள மீடியாடெக் சில்லுக் கார்டையே முதலில் தேடுங்கள்.