சுமையும் பொறுப்பும்

பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைச் சில ஊர்களில் இன்றும் காணலாம். செங்குத்தாக நட்ட இரு கற்களின்மேல் குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது முன்னாளில் நம் நாட்டு வழக்கமாக இருந்தது. தலைச்சுமையுடன் வந்தோர், பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி, சற்றே இளைப்பாறி, மீண்டும் தூக்கிச் சென்றனர். வாழ்க்கைப் பயணத்திலும் சுமையை இறக்கிப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு.

பொறுத்தல் என்பதற்குத் தாங்குதல் என்பதும் ஒரு பொருள். அதனடியாகப் பிறந்ததே பொறுப்பு என்னும் சொல். எனவே பொறுப்பும் சுமக்கத்தக்கதே. ஆயின், சுமை அனைத்தும் பொறுப்பாகிவிடா. மாணவர்க்குப் பாடம் சொல்வது ஆசிரியரின் பொறுப்பு. தம்மைப் போல் சொல்வார் எவருமிலர் என்று பெயரெடுக்கத் தவிப்பது சுமை. மகளுக்கு மணம் முடித்து வைப்பது பெற்றோரின் பொறுப்பு. அண்டை வீட்டுத் திருமணத்தை விஞ்சக் கடன்படுவது சுமை. இரண்டும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருத்தலால் வேற்றுமை நமக்கு எளிதில் புலப்படுவதில்லை.

இவ்வேற்றுமையை உணர்ந்து, தம் மூட்டையை அவிழ்த்துப் பார்த்த ஒரு பேராசிரியர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058ஆம் ஆண்டு பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்த அவர்களை, 1091இல் அமைச்சர் நிஜாமுல் முல்க், பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் தலைமை ஆசிரியராக அமர்த்தினார். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பயின்றனர். புகழும் செல்வாக்கும் பெருகின. அந்நிலையில் தம் நெஞ்சையே அவர்கள் வினவினார்கள்: ‘நான் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா?’ கிடைத்த விடை அவர்களை நடுங்கச் செய்தது. விடவும் இயலாமல், தொடரவும் இயலாமல் ஏறத்தாழ ஆறு திங்கள் தத்தளித்தார்கள். முடிவில் நா எழவில்லை, வகுப்பில் ஒரு சொல்லும் பேச இயலவில்லை, உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் உள்ளதென மருத்துவர்கள் கைவிரித்தனர். இவற்றையெல்லாம் ‘அல்முன்கித்’ எனச் சுருக்கமாக வழங்கும் தம் நூலில் அவர்களே எழுதியுள்ளார்கள்.

1095இல் அவர்கள் பாக்தாதை நீங்கினார்கள். நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, நீங்கிய முறையை. செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள், எனினும் பிள்ளைகளின் வாழ்வுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்தார்கள். நிஜாமிய்யாவில் பாடம் நடத்தும் பணியைத் தம்பி அஹ்மத் ஏற்றார். பொறுப்புகளைத் தெருவில் எறிந்துவிட்டு அவர்கள் ஓடவில்லை. பின்னர் திமிஷ்கு நகரப் பள்ளிவாசலின் மினாராவில் தனித்திருந்தார்கள்; பைத்துல் முகத்தஸ் சென்றார்கள்; ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள்; பிள்ளைகளின் அழைப்பை ஏற்று ஊர் திரும்பினார்கள்.

பதினோர் ஆண்டுகளுக்குப்பின், 1106இல், நைசாப்பூரில் மீண்டும் ஆசிரியப் பணியை ஏற்றார்கள். பழைய பணிக்கே திரும்பினார்கள் என்று பிறர் எண்ணலாம். அவர்களோ, முன்பு புகழ் தேடும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது புகழைத் துறக்கும் கல்வியைக் கற்பிப்பதாகவும் குறிக்கிறார்கள். இறக்கி வைத்தவற்றுள் கற்பித்தலை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். பெருமையை அங்கேயே விட்டுவிட்டார்கள். 1111இல் தூஸிலேயே மறைந்தார்கள்.

நாம் அனைவரும் ஊரைவிட்டு நீங்க வேண்டுவதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் கேட்ட சுடுசொல்லை இன்னும் சுமப்பவர் நம்முள் உண்டு. பணிமூப்பில் தம்மை முந்தியவர்பால் பொறாமையைச் சுமப்பவர் உண்டு. மறுக்கத் தயங்கியே ஏற்ற குழுப் பதவிகளால் பாடக் குறிப்பைப் புதுப்பிக்க நேரமில்லாதவர் உண்டு. இறைவன் எவரையும் அவர்தம் ஆற்றலுக்கு மேல் சுமக்கச் செய்வதில்லை என்பது திருமறை காட்டும் நெறி. அங்ஙனமாயின், நம் முதுகை முறிக்கும் சுமைகளுள் பல, நாமே ஏற்றிக்கொண்டவை அல்லவா?

எனவே, ஒவ்வொரு சுமையையும் ஒரு கேள்வியால் அளந்து பார்ப்போம்: ‘இதனை நான் விட்டால் எவரேனும் துன்புறுவரா? அல்லது என் பெருமை மட்டுமே துன்புறுமா?’ பிறர் துன்புறுவாராயின் அது பொறுப்பு. தோளில் ஏற்றிக்கொண்டு நடப்போம். பெருமை மட்டுமே துன்புறுமாயின், அது சுமைதாங்கிக் கல்லின்மேலேயே கிடக்கட்டும்.