கேமிங் மானிட்டர் வாங்கும் முன்: பேனல் வகையும் உறுதியும்

கேமிங் மானிட்டர் வாங்கச் செல்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஹெர்ட்ஸ்?" என்பதுதான். அடுத்த கேள்வி "ஒரு மில்லி செகண்டா?" என்பது. இந்த இரண்டு எண்களும் அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் நம் கண்கள் பார்க்கப் போவது பேனலைத்தான். அது என்ன வகை என்பது பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சில பெட்டிகளில் அதுவும் இருக்காது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதிகளில் வசிப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பல மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். 40 கிலோ மீட்டருக்கு மேல் மின்சார ரயிலில் சுமந்து வந்த பெட்டியை, "பிடிக்கவில்லை" என்று திருப்பிக் கொண்டு போவது எளிதல்ல. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மானிட்டரின் விலை மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி. எனவே எது நமக்கு வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அதற்கான தகவல்களை இங்கு காணலாம்.

பேனல் என்பது என்ன?

மானிட்டரின் முன்னால் இருக்கும் பெயர் ஒரு நிறுவனத்தினுடையது. உள்ளே இருக்கும் பேனலைத் தயாரித்தது பெரும்பாலும் வேறொரு நிறுவனம். எல்.ஜி. டிஸ்பிளே, ஏ.யு.ஓ., இன்னோலக்ஸ், பி.ஓ.இ. போன்ற சில நிறுவனங்களின் பேனல்களே பல பிராண்டுகளில் வருகின்றன. எனவே பிராண்டு பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எடுத்துக்காட்டாக, சாம்சங் ஒடிசி ஜி5 என்ற ஒரே பெயரில் வளைந்த வி.ஏ. மானிட்டரும் வந்துள்ளது, தட்டையான ஐ.பி.எஸ். மானிட்டரும் வந்துள்ளது. முழு மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு, நிறுவனத்தின் இணைய தளத்தில் பேனல் வகையைச் சரி பார்ப்பதுதான் சரியான வழி.

எல்.சி.டி. திரையின் பின்னால் எல்.இ.டி. விளக்குகள் எரிந்து கொண்டே இருக்கும். அவற்றின் முன்னால் உள்ள திரவப் படிகங்கள், ஒளியை எவ்வளவு வெளியே விடுவது என்று கட்டுப்படுத்துகின்றன. இந்தப் படிகங்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன, எப்படித் திரும்புகின்றன என்பதை வைத்தே பேனல்கள் வகைப்படுத்தப்படுகின்றன.

1. டி.என்.: இது பழைய வகை. வேகமானது, விலை குறைவு. ஆனால் சற்று மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறிவிடும். இப்போது விலை குறைந்த சில மானிட்டர்களிலும், போட்டி விளையாட்டுகளுக்கான மிக வேகமான சில மாடல்களிலும் காணலாம். பழைய மானிட்டர் வாங்குபவர்கள் இதை அதிகம் சந்திக்க நேரிடும்.

2. ஐ.பி.எஸ்.: ஹிட்டாச்சி நிறுவனம் 1996ல் அறிமுகப்படுத்தியது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. எழுத்துகள் தெளிவாக இருக்கும். குறை என்னவென்றால் கான்ட்ராஸ்ட் சுமார் 1000:1 தான். இருட்டறையில் கறுப்பு நிறம் சாம்பல் போலத் தெரியும்; மூலைகளில் ஒரு மங்கலான வெளிச்சம் தெரியும்.

3. வி.ஏ.: கான்ட்ராஸ்ட் 3000:1 அளவில் இருக்கும். கறுப்பு கறுப்பாகவே தெரியும். வளைந்த மானிட்டர்களில் பெரும்பாலானவை இந்த வகை. குறை என்னவென்றால், கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறும்போது மெதுவாக மாறும். இருட்டான காட்சிகளில் வேகமாகத் திரும்பினால் பின்னால் ஒரு கரும்பட்டை இழுபடுவது போலத் தெரியும்.

4. ஓலெட்: இதில் பின் விளக்கு கிடையாது, ஒவ்வொரு பிக்ஸெலும் தானே ஒளிர்கிறது. கறுப்பும் வேகமும் மிகச் சிறப்பு. ஆனால் விலை அதிகம். டாஸ்க்பார் போல ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் படம் நாளடைவில் தடமாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. பகல் முழுவதும் எக்ஸெலும் இரவில் கேமும் என்று ஒரே மானிட்டரைப் பயன்படுத்தும் வீட்டுக்கு இது முதல் தேர்வாகாது.

ஹெர்ட்ஸ் மட்டும் ஏன் போதாது?

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படம் 16.7 மில்லி செகண்ட் நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி செகண்ட். 180 ஹெர்ட்ஸில் 5.6 மில்லி செகண்ட் மட்டுமே. பிக்ஸெல் அந்த நேரத்துக்குள் தன் நிறத்தை மாற்றி முடிக்க வேண்டும். 180 ஹெர்ட்ஸ் என்று எழுதிய ஒரு வி.ஏ. பேனல், இருண்ட நிறங்களுக்கு இடையே மாற 20 மில்லி செகண்ட் எடுத்துக் கொண்டால், மூன்று படங்களின் மிச்சம் நான்காவது படத்தின் மேல் தெரியும். பெட்டியில் எழுதிய ஹெர்ட்ஸ் பொய் அல்ல. ஆனால் அதன் பலன் நமக்குக் கிடைக்காது.

"1 மில்லி செகண்ட்" என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஜி.டி.ஜி. என்றால் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாறும் நேரம். அதிலும் நிறுவனங்கள் தங்களுக்குச் சாதகமான மாற்றத்தையே குறிப்பிடுவது வழக்கம். எம்.பி.ஆர்.டி. என்று போட்டிருந்தால், பின் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டு மங்கலைக் குறைக்கிறார்கள் என்று பொருள். அதை இயக்கினால் திரையின் வெளிச்சம் குறையும்.

எச்.டி.ஆர். என்ற எழுத்திலும் ஏமாற வேண்டாம். "எச்.டி.ஆர்.10 சப்போர்ட்" என்றால் அந்த சிக்னலை மானிட்டர் ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே. விலை குறைந்த மானிட்டரில் அதனால் படம் சிறப்பாகிவிடாது.

உங்கள் ஷிப்ட் எது?

எந்தப் பேனல் சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதை விட, நீங்கள் எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் விளையாடுகிறீர்கள் என்று கேட்பது பயனுள்ளது. தொழிற்பேட்டைப் பகுதியில் இதை வீட்டின் அமைப்பும் ஷிப்டும்தான் தீர்மானிக்கின்றன.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு வீடு வந்து, குடும்பத்தினர் தூங்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடுபவர் என்றால், அந்த இருட்டில் வி.ஏ. நன்றாக இருக்கும். கதை கேம்கள், கார் ரேஸ், சினிமா பார்ப்பது ஆகியவற்றுக்கு ஏற்றது.

நைட் ஷிப்ட் முடித்து, தூங்கி எழுந்து பகலில் விளையாடுபவர் என்றால் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழும். அங்கே 3000:1 கான்ட்ராஸ்ட் பெரிதாக உதவாது. குறைந்தது 300 நிட்ஸ் வெளிச்சமும், பளபளப்பில்லாத மேட் திரையும் உள்ள ஐ.பி.எஸ். வாங்கலாம்.

வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்கள் விளையாடுபவர்களுக்கும், அதே மானிட்டரில் பாடம் படிக்கும், புரோகிராம் எழுதும் மாணவர்களுக்கும் ஐ.பி.எஸ். தான் பொருத்தம். நாள் முழுவதும் எழுத்துகளைப் பார்ப்பதே என் வேலையாக இருப்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே ஐ.பி.எஸ். பேனலைப் பரிந்துரைப்பேன்.

அளவையும் கவனியுங்கள். 1920 x 1080 ரெசல்யூஷனுக்கு 24 அங்குலம் சரி. அதே ரெசல்யூஷனை 27 அங்குலத்தில் வாங்கினால் எழுத்துகளின் விளிம்பு சொரசொரப்பாகத் தெரியும். 27 அங்குலம் வேண்டும் என்றால் 2560 x 1440 வாங்குங்கள். ஆனால் உங்கள் கிராபிக்ஸ் கார்டு அதற்கு ஈடு கொடுக்குமா என்று முதலில் பாருங்கள்.

கட்டமைப்பின் உறுதி

பேனலை அடுத்துப் பார்க்க வேண்டியது மானிட்டர் எப்படிக் கட்டப்பட்டுள்ளது என்பது. விலையைக் குறைக்க நிறுவனங்கள் முதலில் கை வைப்பது ஸ்டாண்டில்தான்.

கடையில் மானிட்டரின் மேல் மூலையை ஒரு விரலால் மெல்லத் தட்டுங்கள். ஆடி நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். மவுஸை வேகமாக இழுக்கும் போதெல்லாம் திரை ஆடினால் ஹெர்ட்ஸ் அதிகமாக இருந்து என்ன பயன்? உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பின்புறம் 75 x 75 அல்லது 100 x 100 மில்லி மீட்டர் வீசா துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பின்னாளில் தனி ஸ்டாண்டோ சுவர் மவுண்ட்டோ பொருத்திக் கொள்ளலாம்.

மின்சாரம் உள்ளே போகும் வழியையும் பாருங்கள். சில மானிட்டர்களில் லேப்டாப் போலத் தனி அடாப்டர் இருக்கும். சிலவற்றில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் அடாப்டர் போனால், அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள இன்னொன்றை வாங்கி மாற்றினால் போதும். உள்ளே உள்ள போர்டு போனால் மானிட்டரையே சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டும். எதுவானாலும் எர்த் இணைப்பு சரியாக உள்ள பிளக் பாயின்ட்டில் மாட்டுங்கள். 24 அங்குல மானிட்டர் சுமார் 20 முதல் 30 வாட் மட்டுமே எடுப்பதால் சிறிய யு.பி.எஸ். அதைத் தாங்கும். ஆனால் பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ள சி.பி.யு.வையும் அதிலேயே சேர்த்து மாட்டினால் தாங்காது.

அடுத்து வெப்பம். பெரும்பாலான மானிட்டர்கள் 40 டிகிரி செல்சியஸ் வரையான அறை வெப்பத்துக்கே வடிவமைக்கப்படுகின்றன. கோடையில் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. சிமென்ட் ஷீட் போட்ட வீடுகளின் உள்ளேயும் வெப்பம் அந்த அளவை நெருங்கும். மானிட்டரைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரீரோலிங் மில்களும் உள்ளன. ஜன்னல் ஓரத்தில் படியும் தூசியை அங்குள்ளவர்கள் அறிவார்கள். மானிட்டரின் மேலே காற்றுத் துளைகள் உள்ள மாடலுக்கு, பயன்படுத்தாத நேரத்தில் ஒரு துணி உறை போடுவது நல்லது. அணைத்து, சூடு தணிந்த பிறகு போடுங்கள். திரையை ஈரம் சொட்டும் துணியால் துடைக்கக் கூடாது. கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவங்களும் கூடாது. மேட் பூச்சு கெட்டுவிடும். மைக்ரோபைபர் துணியே போதும்.

கடையிலும் வீட்டிலும் செய்ய வேண்டிய சோதனைகள்

1. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து முழு நிறப் படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். 1920 x 1080 திரையில் 20,73,600 பிக்ஸெல்கள் உள்ளன. இந்த ஐந்து படங்களையும் முழுத் திரையில் போட்டால் செத்த பிக்ஸெல் கண்ணில் பட்டுவிடும். ஒன்றிரண்டு பிக்ஸெல் போனால் பல நிறுவனங்கள் மாற்றித் தர மாட்டா. எத்தனை வரை என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

2. கறுப்புப் படத்தைப் போட்டு விளக்கை அணையுங்கள். ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். தலையை நகர்த்தும்போது அந்த வெளிச்சம் மாறினால் அது ஐ.பி.எஸ். இயல்பு. எப்படிப் பார்த்தாலும் ஒரே இடத்தில் நின்றால் பேனல் சட்டத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

3. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, மொபைல் கேமராவில் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் பின் விளக்கு சிமிட்டுகிறது. நீண்ட நேரம் பார்ப்பவர்களுக்குக் கண் வலி வரலாம்.

4. பின்புற ஸ்டிக்கரில் பி.ஐ.எஸ். முத்திரையும் "ஆர்" எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற மொபைல் செயலியில் அந்த எண்ணைச் சரி பார்க்கலாம்.

5. வாரண்டி எத்தனை ஆண்டு என்பதோடு, சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா என்றும் கேளுங்கள். உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். சென்னைக்கு உண்டு என்பதால் 601201க்கோ 602001க்கோ உண்டு என்று ஆகிவிடாது.

6. வீட்டில் பெட்டியைப் பிரிக்கும் போது மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். வரும் வழியில் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டு வாருங்கள்.

7. கேபிளை மதர்போர்டில் மாட்டாமல் கிராபிக்ஸ் கார்டில் மாட்டுங்கள். சில மானிட்டர்களில் டிஸ்பிளேபோர்ட் வழியாக மட்டுமே முழு வேகம் கிடைக்கும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று சென்று ரெப்ரெஷ் ரேட்டை நீங்கள்தான் மாற்ற வேண்டியிருக்கும். இதைச் செய்யாமல் 180 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் பயன்படுத்துபவர்கள் பலர்.

விலை பற்றி ஒரு தகவல். முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 சதவிகித ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. 24, 27 அங்குல மானிட்டர்களுக்கு 2019 ஜனவரி முதலே 18 சதவிகிதம்தான். "வரி குறைந்ததால் தள்ளுபடி" என்று இந்த அளவுகளுக்கு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கையில் உள்ள பணம் குறைவு என்றால் எதை விட்டுக் கொடுக்கலாம்? ஹெர்ட்ஸை விட்டுக் கொடுங்கள். 180க்குப் பதிலாக 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் என்றாலும் 60லிருந்து மாறும் கண்ணுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். வளைவு, வண்ண விளக்குகள் ஆகியவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம். பேனல் வகை, ஆடாத ஸ்டாண்டு, உங்கள் ஊருக்கு வரும் வாரண்டி ஆகிய மூன்றை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். கேம் அலுத்துப் போனாலும் வீட்டில் படிப்புக்கும் வேலைக்கும் அதே மானிட்டர்தான் பயன்படப் போகிறது.