சோலார் தகட்டுக்கு முன்னால் மின் இணைப்பில் பெயரை மாற்றுங்கள்

மொட்டை மாடியில் சோலார் ஓடுகிறது, மானியம் மட்டும் வரவில்லை. இந்தப் புகாரோடு இ.பி. ஆபீஸுக்கு அலைபவர்கள் பலர். விசாரித்தால், மின் இணைப்பு காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரில் இருக்கும். வங்கிக் கணக்கு பேரன் பெயரில் இருக்கும். இரண்டும் பொருந்தாமல் பணம் எப்படி வரும்?

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய்தான்.

இந்த மானியம் கைக்கு வர, முதல் வேலை மின் இணைப்பில் பெயர் மாற்றம். வீட்டுப் பத்திரம், வீட்டு வரி ரசீது, உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு உங்கள் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் மாறிய பிறகே திட்டத்தின் தேசிய இணையதளத்தில் சர்வீஸ் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. போனில் கட்டணம் கேட்பவன் மோசடிக்காரன், ஓ.டி.பி.யைச் சொல்லிவிடாதீர்கள்.

பொருத்தும் நிறுவனத்தை அந்தத் தளத்தின் பட்டியலில் இருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தெரிந்த பையன், மலிவாகப் போட்டுத் தருகிறான் என்று போனால் மானியம் போய்விடும். மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல்கள் கொண்ட டி.சி.ஆர். தகடுகள் கட்டாயம். தகட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நெட் மீட்டர் பொருத்தி, மின் வாரிய ஆய்வு முடிந்த பின், மானியம் நேராக உங்கள் கணக்குக்கே வரும். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: உங்கள் கணக்குக்கு, நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல.

இன்னொன்று. பேட்டரி இல்லாத அமைப்பில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, பழுதல்ல.

அதிகாரிகள் இழுத்தடித்தால் பணிந்து நிற்க வேண்டியதில்லை. மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தப்படி, 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வே தேவையில்லை. 5 கிலோவாட் வரை மின் விநியோகக் கட்டமைப்பை வலுப்படுத்தும் செலவும் மின் நிறுவனத்தையே சேரும். இதைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சு எங்கும் பதிவாகாது. மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் புகார் செய்து, புகார் எண் பெறுங்கள். அடுத்த படி, மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இயங்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளர்.

பொருத்திய நிறுவனம் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைத்திருந்து, தயங்காமல் போங்கள்.