ஏரிக்குள் ஓர் எண்

தமிழ் பயில்வோர் கணக்கைக் கண்டால் ஒதுங்கிச் செல்வர் என்பது கல்லூரிகளில் வழங்கும் பழைய கேலி. அதற்கு விடையாக ஓர் எண்ணை இங்கே எடுத்துக்கொள்கிறோம். பெங்களூர் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர் கடந்து போகும் ஊர் செம்பரம்பாக்கம். அதன் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் நாளிதழ்கள் ஓயாது அச்சிடும் எண் இது. நம் வழக்கில் 364 கோடியே 50 லட்சம்.

இவ்வெண்ணின் உள்ளமைப்பை நோக்குவோம். 3,645-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18; ஆதலால் ஒன்பதால் வகுபடும். வகுத்தால் 405, மீண்டும் வகுத்தால் 45, மீண்டும் வகுத்தால் 5. ஆக, ஆறு மூன்றுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கிய பயனே 3,645. மில்லியனோ ஆறு இரண்டுகளும் ஆறு ஐந்துகளும் பெருகி வருவது. எனவே முழு எண்ணில் இரண்டு ஆறு முறையும், மூன்று ஆறு முறையும், ஐந்து ஏழு முறையும் வருகின்றன. வேறு பகா எண் ஒன்றுமில்லை. இத்துணைப் பெரிய எண் இவ்வாறு சிறு எண்களால் மட்டுமே அமைவது அரிது.

இதனால், பக்கத்துக்கு 900 அடி கொண்ட கனசதுரத் தொட்டிகள் ஐந்தில் ஏரிநீர் முழுவதும் மிச்சமின்றி அடங்கும். (ஏட்டுக் கணக்கில்தான்!) இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை? ஒவ்வொரு பகா எண்ணும் வரும் முறையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 7 × 8 = 392. எண்ணையும் எழுத்தையும் கண்கள் என வள்ளுவர் கூறும் குறளின் வரிசை எண்ணும் 392! மறைபொருள் தேட வேண்டா, தற்செயலே. ஆயினும் தமிழாசிரியராகிய நமக்கு அதைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை.

இதே நீரைக் கன மீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 10 கோடியே 32 லட்சம். மேற்கண்ட அழகு அங்கே இராது. இப்பண்புகள் எண்ணுக்கு உரியவை. நீருக்கு உரியவை அல்ல. வண்டல் படியப் படிய ஏரியில் நீர் கொள்ளும் இடமும் குறையும்.

இனி, நாளொன்றுக்கு 86,400 நொடிகள். நிறைந்த ஏரியை ஒரே நாளில் வடிக்க நொடிக்கு 42,187½ கன அடி திறக்க வேண்டும். அந்த அரை எங்கிருந்து வந்தது? 86,400-இல் இரண்டு ஏழு முறை வருகிறது. ஏரியின் எண்ணில் ஆறு முறைதான். ஓர் இரண்டு குறைந்தமையால் பாதி நின்றது.

இது வெறும் விளையாட்டன்று. 2015 டிசம்பர் 1 இரவு, ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. செய்தியில் கேட்பவருக்கு அது மற்றுமோர் எண். 86,400-ஆல் பெருக்கிப் பார்த்தால், ஒரு நாளைக்கு 250 கோடி கன அடிக்கு மேல். ஏரி கொள்ளும் நீரில் மூன்றில் இரு பங்கையும் தாண்டும். வரத்தே இல்லை எனக் கொண்டால், நிறைந்த ஏரி அவ்வேகத்தில் 35 மணி நேரத்துக்குள் வற்றிவிடும். அன்றோ வரத்தும் இருந்தது. வேறு ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில் வந்து சேர்ந்தது. ஏரி வற்றவில்லை; ஆறுதான் கரைபுரண்டது.