குஞ்சு வளர்ப்பில் கூளத்தின் பங்கு

ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை வாங்கிவரும் அங்கத்தினர்கள் விளக்கின் சூட்டிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். காலடியிற் கிடக்கும் கூளத்தை நோக்குவோர் சிலரே. இழப்போ பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கூளத்திற்கு நெல் உமியே நம்மவர்க்கு ஏற்றது. 2 அங்குல உயரம் பரப்பினாற் போதும். நிலக்கடலைத் தோலும் ஆகும். பூசணம் பிடித்ததாயின் குஞ்சின் நுரையீரலைக் கெடுத்துவிடும். நுண்ணிய மரத்தூளைக் குஞ்சுகள் தீனியென்று விழுங்கும். வெறும் செய்தித்தாளோ வழுக்கும். கால்கள் விரிந்து குஞ்சு முடமாகும்.

எப்பொருளாயினும் ஈரம் ஆகாது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் கருக்கள் எச்சத்தோடு வெளிவந்து, ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் இரண்டொரு நாளிலேயே நோய் பரப்பும் வன்மை பெறுகின்றன. பினாயில் தெளிப்பதால் இவை எளிதில் அழிவதில்லை; பலர் அதனை நம்பியே ஏமாறுகின்றனர். ஆகவே, தண்ணீர்த் தட்டைக் குஞ்சின் முதுகு மட்டத்திற்கு உயர்த்தி வைத்து, அதனைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளி எறிந்து, உலர்ந்த உமி இடல் வேண்டும். நாள்தோறும் கிளறியும் விடுக. ஒரு பிடி எடுத்து இறுக்கினால், கை திறந்ததும் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் மிகுதி. காரநெடியை நின்றபடி அறிய முடியாது. குஞ்சின் உயரத்திற்குக் குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டும்.

குஞ்சுகளை வேறிடம் மாற்றியபின் கூளம் முழுவதையும் அகற்றி, தரையைக் கழுவி உலர்த்திச் சுண்ணாம்பு பூசுக. அகற்றிய கூளம், மக்கவிட்டால், வயலுக்கு நல்ல எரு.