தங்க மையில் தங்கம் இல்லை

தஞ்சோங் மாலிமில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு அடுத்தபடியாகப் பேச்சு அழைப்பிதழுக்கு வரும். பிள்ளையார் படம், மணமக்கள் பெயர், ஓரத்து மாங்காய்க் கரை எல்லாம் தங்கமாய் மின்ன வேண்டும். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அடித்து வரும் அட்டைகளில் சில மின்னுகின்றன, சில மங்கிக் கிடக்கின்றன. சிலவற்றில் தங்கம் விரலோடு வந்துவிடுகிறது.

வழக்கமான நான்கு வண்ண ஆப்செட் அச்சில் தெரியும் 'தங்கம்' மஞ்சளும் மெஜந்தாவும் கொஞ்சம் கறுப்பும் கலந்த நிறம்தான். அது மின்னாது. மின்னுவதற்கு ஐந்தாவதாகத் தனி மை ஏற்ற வேண்டும். அந்த மையில் இருப்பது பித்தளைத் தூள். செம்பு கூடினால் சிவந்த தங்கம், துத்தநாகம் கூடினால் வெளிர் தங்கம். வெள்ளி மையில் இருப்பது அலுமினியம். பான்டோன் வண்ண அட்டையில் 871 முதல் 876 வரை தங்கமும் வெண்கலமும், 877 வெள்ளி.

தூள் என்றாலும் அது உருண்டையான மணி இல்லை, சில மைக்ரான் அகலமுள்ள தட்டையான செதில். தாளில் செதில்கள் படுத்தவாக்கில் அடுக்கடுக்காக அமைந்தால்தான் ஒளி ஒரே திசையில் திரும்பிப் பளபளப்பு வரும். ஒருவகை மையில் செதில்கள் மேலே மிதந்து வந்து படியும். நன்றாக மின்னும், ஆனால் தேய்த்தால் உதிரும். இன்னொரு வகையில் அவை மைக்குள்ளேயே தங்கிவிடும். மினுக்கம் குறைவு, உழைப்பு அதிகம். சொரசொரப்பான தாளோ மையை உறிஞ்சிக்கொள்ளும், அதில் செதில்கள் ஒழுங்காகப் படுப்பதில்லை. தங்க மைக்கு வழவழப்பான ஆர்ட் கார்டே ஏற்றது என்பது இதனால்தான்.

பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்காமல் விட்டால் எப்படிக் கறுக்கிறதோ, தங்க மையும் அப்படியே கறுக்கும். அதைத் தூண்டுவது ஆப்செட் அச்சில் சேரும் தண்ணீர். எண்ணெய்ப் பசையுள்ள மையும் தண்ணீரும் ஒட்டாது என்பதை நம்பித்தான் 1796-இல் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடித்தார். 1904-இல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் அந்த முறையில் மையை ரப்பர் பிளாங்கெட் வழியாகத் தாளுக்கு மாற்றினார், அதுவே ஆப்செட். இன்றும் பிளேட்டை நனைக்கத் தண்ணீர் வேண்டும். அதில் பெரும்பாலும் சற்று அமிலம் சேர்ந்திருக்கும், பித்தளைக்கு அதுவே பகை. அனுபவமுள்ள மிஷின்காரர் தண்ணீரைக் குறைத்தே ஓட்டுவார், மையையும் அன்றன்றைக்கு வேண்டிய அளவே கலப்பார்.

தங்க மை பரவலாவதற்கு முன் ஒட்டும் பசையை அச்சடித்து, ஈரம் காயுமுன் அதன்மேல் உலோகத் தூளைத் தூவினார்கள். தொழிலாளர்கள் அந்தத் தூசியைச் சுவாசித்து நோயுற்றார்கள். அவர்களைக் காக்க பிரிட்டன் 1912-இல் தனி விதிகளே இயற்ற வேண்டியிருந்தது. தூளை மைக்குள் அடைத்தது அந்த வகையில் பெரிய நன்மை.

உலர்வதுதான் மிச்சத் தலைவலி. தங்க மையைக் கனமாக ஏற்ற வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் அது மெதுவாகவே காயும். அவசரப்பட்டு அடுக்கினால் ஒரு தாளின் தங்கம் மேல் தாளின் முதுகில் ஒட்டும். மெல்லிய எழுத்துகளைத் தங்கப் பரப்புக்குள் வெள்ளையாக விட்டால் மை அடைத்துக்கொள்ளும். கண்ணாடிபோல் பளிச்சென்று வேண்டுமானால் மையை விட்டுவிட்டு ஃபாயில் பதிப்பதே சரி. செலவு கூடும், கறுக்காது.

ஆகவே அட்டை அடிக்கக் கொடுப்பவர்களே, கணினித் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் உலோகம் தெரியாது. உங்கள் தாளிலேயே அடித்த மாதிரியைக் கேளுங்கள், காய்ந்தபின் விரலால் தேய்த்துப் பாருங்கள். மேலே வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். அச்சகத்துக்குச் சில நாள் கூடுதலாகக் கொடுங்கள்.