தட்சிணசித்ராவில் இல்லாத தெரு

கண் சிகிச்சைக்காகக் கலவையிலிருந்து சென்னைக்கு வந்திருந்த என் பெரியப்பாவுக்கு மறுபரிசோதனை இரண்டு நாள் தள்ளிப்போனது. சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கு அழைத்துச் சென்றேன். "பழைய காலத்து வீடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள்" என்று சொன்னபோது, "நம்ம ஊர்லயே இடிச்சிக்கினு கீறாங்களே, அதைப் பார்க்க இவ்ளோ தூரமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

அவர் கேட்டதில் தவறில்லை. கலவையில் என் சிறு வயதில் பார்த்த ஓட்டு வீடுகளும் தெருவை ஒட்டிய திண்ணைகளும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவு போட்ட கடை நிற்கிறது. செட்டிநாட்டில் மாளிகைகள் இடிக்கப்பட்டுத் தூணும் கதவும் தனித்தனியாக விலைபோவதைக் கண்டு வருந்தியதிலிருந்துதான் தட்சிணசித்ராவும் பிறந்தது. டெபோரா தியாகராஜன் முன்முயற்சியில் 1984-இல் சென்னைக் கைவினை அறக்கட்டளை தொடங்கப்பட்டது. லாரி பேக்கர் தொடக்க வடிவமைப்பைத் தந்தார். பென்னி குரியகோஸ் அதைக் கட்டடமாக்கினார். 1996 டிசம்பரில் அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இவ்வகை அருங்காட்சியகத்தில் வீடே காட்சிப்பொருள். இடிபட இருந்த வீட்டை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு என ஒவ்வொன்றுக்கும் எண் இட்டுப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, மரபுக் கொத்தர்களையும் தச்சர்களையும் வைத்து மீண்டும் எழுப்புகிறார்கள். பிறகு அந்த வீட்டில் நடந்த தொழிலை ஒருவர் அங்கேயே அமர்ந்து செய்துகாட்டுகிறார். இந்த முறைக்கு வழிகாட்டியது ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹாசேலியஸ் 1891-இல் திறந்த ஸ்கான்சென். அங்கு பெரும்பாலும் குடியானவர்களின் வீடுகள். நகரத்துத் தெருவுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் பீட்டர் ஹோல்ம் என்பவர் நினைத்தார். இடிக்கப்படவிருந்த 1597-ஆம் ஆண்டு வீடு ஒன்றைக் காப்பாற்றி, 1914-இல் 'டென் கம்லே பூ' என்ற அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். 'பழைய நகரம்' என்று பொருள். இன்று அங்கு 1927-ஆம் ஆண்டின் தெருவும், 1974-ஆம் ஆண்டின் தெருவும்கூட இருக்கின்றன. துருக்கியிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள் தங்கிய குடியிருப்பையும் அதற்குள் அமைத்திருக்கிறார்கள். பழைமை என்றாலே அரண்மனை, கோயில் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது சற்று வியப்பாக இருக்கும்.

தட்சிணசித்ராவில் பெரியப்பா நிதானமாகவே பார்த்தார். நாட்டுக்கோட்டை வணிகரின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்து, "தேக்கு" என்றார். அக்ரகாரத்து வீட்டில் காற்று வரும் வழியைக் கவனித்தார். நெசவாளர் வீட்டில் அதிக நேரம் நின்றார். தறிக்குழியில் கால் வைக்கும் இடத்தை எட்டிப் பார்த்து, "இடுப்பு போயிடும்" என்றார். குயவர் வீட்டையும் கேரளத்துக் கிறிஸ்தவர் வீட்டையும் சுற்றி முடித்து, தோற்பாவைகள் மாட்டியிருந்த சுவரின் முன் வந்து நின்றபோதுதான் அவர் முகம் மாறியது. ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கிய ஆட்டுத்தோலில் அனுமனும் சீதையும். விரலால் காற்றில் அதன் கனத்தை அளந்தார்.

"நல்லாச் செஞ்சிருக்கான். எல்லாத் தொழிலும் வச்சிக்கீறாங்க. நம்ம தொழில் எங்கப்பா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தோல் அங்கே பாவையாக இருந்தது. அதைத் தோலாக்கியவர் அங்கே இல்லை.

தட்சிணசித்ரா மீது நான் குற்றம் சொல்லவில்லை. தனியார் அறக்கட்டளை ஒன்று, தென்மாநிலங்களின் வீடுகளைக் காப்பாற்றி நிறுத்தியிருப்பதே பெரிய காரியம். என் கேள்வி வேறு. பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் ஊர்களை ஆளாக்கியது தோல்தான். ஆம்பூர் என்றால் பிரியாணி என்று வெளியூரார் சொல்லும் பதில், அந்த ஊர் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு எந்த வேலை இருந்தது என்பதைச் சொல்வதில்லை. இந்த ஊர்களின் வாழ்க்கையைக் காட்டும் ஒரு தெரு, ஒரு கூடம், ஒரு குழிகூட ஏன் எங்கும் பாதுகாக்கப்படவில்லை?

காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். குரோமியம் உப்பு வருவதற்கு முன், இங்கு தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டை. பொங்கலுக்குப் பூப்பறிக்கும் அதே ஆவாரைதான். எங்கள் பக்கத்து வறண்ட புறம்போக்குகளில் தானாக வளரும். உப்பிட்டு வந்த பச்சைத்தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பை நீக்குவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் பல நாள். மயிர் தளர்ந்ததும் மரத்தின் மேல் விரித்து, இருகைப்பிடிக் கத்தியால் மயிரையும், மறுபுறத்துச் சதையையும் சீவ வேண்டும். சுண்ணாம்பை நீக்கிய பின் பட்டை ஊறிய நீர் நிறைந்த குழிகளில், நீர்த்ததிலிருந்து கெட்டியானதற்கு, குழி குழியாக மாற்றுவார்கள். கடைசியில் கடுக்காய் நீர், எண்ணெய், நிழலில் உலர்த்தல். ஒரு தோல் முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். உலகச் சந்தையில் 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரில் அது விலைபோனது. இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. குரோமியத்தில் பதனேறுவது ஒரு நாள் வேலை. அதனால் பட்டைக் குழிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடிய குழிகளின் மேல் இப்போது கிடங்குகள் நிற்கின்றன.

இந்தத் தொழிலைச் சுற்றி எழுந்த சமூகத்தையும் பார்க்க வேண்டும். ஆலைகளை நடத்தியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வணிகர்கள். குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தோலில் ஈட்டிய பொருளைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வழங்கிய மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் இன்று அவ்வூரில் கல்லூரி இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கியது. அந்தக் கல்லூரிச் சுவர்களில் கொடையாளர் பெயரைப் படித்துவிடலாம். சுண்ணாம்பு அரித்த விரல்களோடு வீடு திரும்பி, குளித்த பிறகும் பேருந்தில் தனியாக நின்றவர்களின் பெயரை எங்கே படிப்பது? பெரியப்பா அப்படி நின்றவர். ஆற்காட்டிலிருந்து கலவை வரும் பேருந்தில் இருக்கை காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார் என்று பெரியம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தட்சிணசித்ரா திறக்கப்பட்ட அதே 1996-இல், ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் நீர் செலவாவதையும், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதையும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அதில்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் அனைவரும் படிக்கும் தீர்ப்பு. ஆனால் அது பேசும் ஊரை நேரில் காண அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். செய்தித்தாள்களில் சில நாள் இருந்தது.

டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இலக்கியம் செய்த வேலையை அருங்காட்சியகம் செய்யத் தயங்குகிறது. காரணம் வெளிப்படை. இதில் சாதி இருக்கிறது, நாற்றம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்க்க இவை உகந்தவையா?

பிற நாடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள வில்லியம்ஸ்பர்க், 18-ஆம் நூற்றாண்டு நகரம் ஒன்றை முழுவதுமாக மீட்டுக்கட்டிய அருங்காட்சியகம். 1926-இல் பணி தொடங்கியது. அந்நகரத்தின் மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஆனால் பல பத்தாண்டுகள் அங்கு காட்டப்பட்டதெல்லாம் கனவான்களின் வாழ்க்கை. 1979-இல்தான் அடிமைகளின் கதையை நடித்துக்காட்டத் தொடங்கினார்கள். 1994 அக்டோபரில் அடிமை ஏலம் ஒன்றை நிகழ்த்திக்காட்டியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. முன்னோரின் துயரம் வேடிக்கையாகிவிடும் என்று கறுப்பின அமைப்புகளே அஞ்சின. அது நியாயமான அச்சம். எதிர்க்க வந்தவர்களில் ஒருவர், நிகழ்ச்சி முடிந்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். ஆயினும் அந்த ஏலத்தை அருங்காட்சியகம் வழக்கமான நிகழ்ச்சியாக ஆக்கவில்லை.

இங்கிலாந்தில் டட்லி நகரில் உள்ள பிளாக் கன்ட்ரி அருங்காட்சியகம் எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. அப்பகுதியில் கிராட்லி ஹீத் என்ற ஊரில், வீட்டுக் கொல்லையில் உலை வைத்து இரும்புச் சங்கிலி அடித்த பெண்கள் 1910-இல் கூலி உயர்வுக்காகப் பத்து வாரம் போராடி வென்றார்கள். போராட்ட நிதியில் மிஞ்சிய பணத்தில் தொழிலாளர் மன்றம் ஒன்றைக் கட்டினார்கள். பின்னாளில் அந்தக் கட்டடம் இடிபடும் நிலை வந்தபோது, அதைச் செங்கல் செங்கல்லாகப் பிரித்து அருங்காட்சியகத் தெருவில் மீண்டும் நிறுத்தினார்கள். செட்டிநாட்டு மாளிகைக்கு நாம் செய்த அதே மரியாதை.

நாற்றத்துக்கும் முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரில், அகழாய்வு நடந்த இடத்திலேயே 1984-இல் திறக்கப்பட்ட யோர்விக் மையம், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தெருவை அதன் கழிப்பிட நாற்றம் உட்பட மீட்டுருவாக்கியது. கூட்டம் குறையவில்லை, அந்த நாற்றத்துக்காகவே பிள்ளைகள் போகிறார்கள்.

நம் பகுதியில் இதைச் செய்வதற்கு வீட்டைப் பெயர்த்து எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. மூடிக்கிடக்கும் பழைய ஆலை ஒன்றை, குழிகளோடும் உலர்த்தும் மாடத்தோடும், இருக்கும் இடத்திலேயே காக்கலாம். ஸ்பெயினில் இகுவாலடா என்ற ஊரில் 18-ஆம் நூற்றாண்டுப் பதனிடும் கூடம் ஒன்றை அப்படித்தான் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஆவாரம்பட்டையில் மாதத்துக்கு ஒரு சில தோல்களைப் பதனிட்டுக் காட்டினால் ஆறு கெட்டுவிடாது. செய்முறை தெரிந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் அடையாற்றில் இருக்கிறது. நாங்கள் முட்டுக்காடு போனதே அதைத் தாண்டித்தான். ஆலை முதலாளிகளின் கணக்கேடுகள், அவர்கள் கட்டிய பள்ளிகள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், நீதிமன்ற ஆவணங்கள், உவர்ப்பேறிய கிணற்று நீர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைக் காட்டினால் அது விளம்பரமாகவோ வழக்குரையாகவோ சுருங்கிவிடும்.

அவசரமும் இருக்கிறது. பட்டைக் குழியில் வேலை செய்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். தட்சிணசித்ராவில் குயவருக்குப் பின் குயவர் வருகிறார்; பட்டைத்தோல் கைவேலைக்கு அப்படி அடுத்தவர் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் காலையில் ஷூ தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போகிறார்கள். அவர்கள் கையில் வந்து சேர்வது பதனிட்டு முடிந்த தோல். அது தோலாக மாறும் இடத்தை அவர்களில் பலரும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஊர் திரும்பும் பேருந்தில் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "நாங்க பட்டதை டிக்கெட் போட்டுக் காட்டுவீங்களா? எம் பேத்தி காலேஜ்ல படிக்குது, அது கூடப் படிக்கிற புள்ளைங்க வந்து பார்க்கணுமா?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். பேத்திக்குத் தாத்தாவின் வேலை என்னவென்று தெரியுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது; கேட்கவில்லை.

காஞ்சிபுரம் பிரியும் சாலையைத் தாண்டிய பிறகு அவரே தொடங்கினார். "வச்சா, சுண்ணாம்புக் குழியிலருந்து வைக்கணும். நேரா பட்டைக் குழியைக் காட்டினா வேலை புரியாது." பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஊறவைக்கும் தொட்டி எந்தப் பக்கம், கழிவு ஓடிய கால்வாய் எந்தப் பக்கம், மேஸ்திரி எங்கே நிற்பார், சோறு எங்கே உட்கார்ந்து தின்பார்கள், மழைநாளில் தோலை எப்படி மாற்றிப் போடுவார்கள். மருத்துவச் சீட்டின் பின்புறத்தில் நான் எழுதிக்கொண்டே வந்தேன். சதை சீவும் கத்திக்கு எங்கே போவது என்று கேட்டபோது, "எங்கிட்ட ஒண்ணு கீது. பரண்ல போட்டு வச்சிக்கீறேன்" என்றார். ஆற்காட்டில் கலவைப் பேருந்து தயாராக நின்றது. ஏறி, சன்னலோரம் பார்த்து உட்கார்ந்தார்.